பெருவிரல் அடையாளமும் கோப்பையில் கீறிய கவிதையும்

பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவதா, திருத்துவதா, வேறு பெயரில் புதிய சட்டம் கொண்டுவருவதா என்ற பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்தின் காலத்திலும் எழுகிறது. தற்காலிக ஏற்பாடு என்று 1979 இல் கொண்டுவரப்பட்டு, 1982 இல் நிரந்தரமாக்கப்பட்ட சட்டம் இது. விவாதம் வரும்போதெல்லாம் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் சுற்றுகிறோம்: எத்தனை மாதம் தடுத்து வைக்கலாம்? 18 மாதங்களாக இருந்தது 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 12 ஆனது. மாதக்கணக்கு முக்கியம்தான். ஆனால் உள்ளே போனவரின் சொல்லுக்கு என்ன நடக்கிறது என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை.

நாட்டின் வழமையான சாட்சியச் சட்டத்தின்படி பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16 ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்தால் அது சாட்சியம். அடித்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அடிவாங்கியவருக்கு.

இந்தப் பிரிவு ஒரு மனிதனை என்ன செய்தது என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசாவின் வழக்கைப் பார்க்கலாம். 1993 இல் மட்டக்களப்பில் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடிபட்டவர். அவருக்குச் சிங்களம் தெரியாது. விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவரும் ஒரு பொலிஸ்காரர். தனக்கு விளங்காத மொழியில் தட்டச்சு செய்யப்பட்ட தாளில் அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார். அவருக்கு எதிராக இருந்த முக்கிய சாட்சியம் அந்தத் தாள்தான். 1995 இல் 50 ஆண்டு சிறைத்தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆண்டாகக் குறைந்தது. 2004 இல் ஐ.நா. மனித உரிமைகள் குழு இதைத் தவறு என்றது. 2006 இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்தக் குழுவிடம் முறையிடும் வழியே இந்நாட்டின் அரசியலமைப்புக்கு ஏற்புடையதல்ல என்றது.

அந்தத் தாளில் இருந்தவை சிங்கராசாவின் பெயரில் இருந்த சொற்கள். அவருடைய சொற்கள் என்று சொல்ல முடியாது. சிறையிலிருந்து வரும் கவிதைகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தத் தாள்தான். தடுப்புக்காவலில் இருப்பவர் பேச மறுக்கப்படுகிறார் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் அவரைப் பேசச் சொல்லி வதைக்கிறார்கள். என்ன பேச வேண்டும், எந்த மொழியில் பதிய வேண்டும், யார் அதை வாசிக்க வேண்டும் என்பது மட்டும் அவர் கையில் இல்லை. அந்த இடத்தில் ஒருவர் தானாக நாலு வரி எழுதினால் அதற்கு வேறு கனம் வந்துவிடுகிறது.

இந்தக் கனத்தை மிகத் தெளிவாகக் காட்டிய இடம் குவான்தனாமோ. 2002 ஜனவரியில் கியூபாவிலுள்ள அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் திறக்கப்பட்ட தடுப்பு முகாம். மொத்தம் ஏறத்தாழ 780 பேர் அங்கு வைக்கப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மீது எந்தக் குற்றச்சாட்டும் தாக்கல் செய்யப்படவில்லை. 2025 ஜனவரியில் அங்கே எஞ்சியிருந்தவர்கள் 15 பேர்.

முகாமின் முதல் வருடத்தில் கைதிகளுக்குப் பேனாவும் தாளும் வழமையாகக் கொடுக்கப்படவில்லை. சாப்பாட்டோடு வரும் ரெஜிபோம் கோப்பைகளில் சிறு கல்லாலும் நகத்தாலும் கீறி எழுதினார்கள். கோப்பை ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குக் கைமாறும். மாலையில் குப்பையோடு குப்பையாக அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் அப்துர்ரஹீம் முஸ்லிம் தோஸ்த். ஆப்கானியர், பஷ்தூ மொழியில் ஏற்கெனவே அறியப்பட்ட கவிஞர், பத்திரிகையாளர். 2005 இல் விடுதலையானபோது, உள்ளே எழுதியவற்றில் பெரும்பகுதியை முகாம் நிர்வாகம் திருப்பித் தரவில்லை. நினைவில் நின்றவற்றை மீண்டும் எழுதினார். எழுதியதைப் பறிக்கலாம் என்று தெரிந்த இடத்தில் எதுகையும் சந்தமும் அலங்காரமாக இருப்பதில்லை. அவைதான் களஞ்சியம். நம்முடைய பழம்பாட்டுக்கள் ஏட்டுக்கு வருமுன் எப்படி நின்றன என்று யோசித்துப் பார்த்தால் இது விளங்கும்.

2005 அளவில் வழக்கறிஞர்கள் உள்ளே போகத் தொடங்கியிருந்தார்கள். யெமன் நாட்டுக் கைதிகள் 17 பேருக்காக வாதாடிய மார்க் ஃபால்கொஃப் என்ற அமெரிக்கச் சட்டத்தரணிக்கு வந்த கடிதங்களில் கவிதைகள் இருந்தன. அவருக்கு உடனே அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை. குவான்தனாமோ கைதியின் வாயிலிருந்தோ கையிலிருந்தோ வரும் எந்தச் சொல்லும், அதிகாரிகள் பார்த்து அனுமதிக்கும்வரை அரச இரகசியம். கடிதங்கள் வாஷிங்டனுக்கு அருகிலுள்ள ஒரு காவல் கட்டடத்துக்குப் போகும். அங்கே சென்றுதான் வாசிக்க வேண்டும்.

கவிதைகளை வெளியிட அனுமதி கேட்டபோது பென்டகன் கூறிய காரணம் இங்கே கவனிக்க வேண்டியது. கவிதையின் உள்ளடக்கமும் வடிவமும் தேசியப் பாதுகாப்புக்கு விசேட ஆபத்தை ஏற்படுத்தும் என்றார்கள். உள்ளடக்கம் ஆபத்து என்று எல்லா அரசும் சொல்லும். வடிவமும் ஆபத்து என்பது புதிது. உவமைக்குள்ளும் படிமத்துக்குள்ளும் வெளியிலுள்ளவர்களுக்கான சங்கேதச் செய்தி ஒளிந்திருக்கலாம் என்பது அவர்களுடைய சந்தேகம். கவிதையில் சொன்னதற்கு மேல் ஒரு பொருள் இருக்கும் என்பதை ஒரு பாதுகாப்பு அமைச்சு இவ்வளவு உறுதியாக நம்பியதற்காக இலக்கிய மாணவர்கள் மகிழ்ச்சிகூட அடையலாம்.

கடைசியில் 2007 இல் அயோவா பல்கலைக்கழக அச்சகம் 17 பேருடைய 22 கவிதைகளைச் சிறு நூலாக வெளியிட்டது. அரபு, பஷ்தூ மூலங்கள் அதில் இல்லை. மூலத்தை வெளியிட்டால் சங்கேதம் கடந்துவிடும் என்று ஆங்கில மொழிபெயர்ப்புக்கு மட்டுமே அனுமதி கொடுத்தார்கள். மொழிபெயர்த்தவர்களும் இலக்கிய மொழிபெயர்ப்பாளர்கள் அல்லர், அரச பாதுகாப்பு அனுமதி பெற்ற மொழியாளர்கள். உலகம் இன்றுவரை வாசித்துக்கொண்டிருப்பது அந்தப் பிரதியைத்தான். அல்ஜசீராவின் படப்பிடிப்பாளர் சாமி அல்-ஹாஜ் எழுதிய கவிதையும் அதில் இருக்கிறது. 2001 டிசம்பரில் செய்தி சேகரிக்கப் போன வழியில் பாகிஸ்தான் எல்லையில் பிடிபட்டவர். ஒரு வருடத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்து, மூக்கு வழியாகக் குழாயிட்டு உணவூட்டப்பட்டு, 2008 மே மாதம் குற்றச்சாட்டு எதுவுமின்றி விடுவிக்கப்பட்டார்.

சிங்கராசாவின் தாளுக்கும் இந்த நூலுக்கும் இடையில் கடல்கள் பல. ஆனாலும் கைதிக்கும் தாளுக்கும் நடுவே அதே ஆள் நிற்கிறார்: அரசு நியமித்த மொழிபெயர்ப்பாளர். பலஸ்தீனக் கவிஞர் டாரின் ததூரின் வழக்கிலும் அவர்தான். 2015 ஒக்டோபரில், இணையத்தில் பதிவிட்ட ஒரு கவிதைக்காகவும் இரண்டு பதிவுகளுக்காகவும் இஸ்ரேலில் அவர் கைதானார். அரபுக் கவிதையை ஹீப்ரு மொழிக்கு மாற்றி நீதிமன்றத்தில் வைத்தவர் ஒரு பொலிஸ்காரர். மொழிபெயர்ப்பில் அவருக்குத் தொழில்சார் தகுதி எதுவும் இருக்கவில்லை. சிறையும் நீண்ட வீட்டுக்காவலும் கழிந்து, 2018 இல் ஐந்து மாதச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்ட பின்னரே, மேன்முறையீட்டில் கவிதை தொடர்பான தீர்ப்பு தள்ளுபடியானது.

நம்முடைய நாட்டுக்கு வருவோம். 2020 மே 16 அன்று, மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியைச் சேர்ந்த அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் ஆசிரியர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். அவர் 2017 இல் வெளியிட்ட ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பு தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்றார்கள். புத்தகம் தமிழில் இருந்தது. அதை மதிப்பிட்டவர்கள் கையில் இருந்தது மொழிபெயர்ப்பு. மனநல மருத்துவர்களிடம் அதைக் கொடுத்து அறிக்கை பெற்றார்கள். தமிழ் இலக்கியம் தெரிந்தவர்கள் மூலத்தை வாசித்தபோது அதில் போரையும் வன்முறையையும் மதத்தின் பெயரால் செய்யப்படும் கொலைகளையும் கண்டிக்கும் கவிதைகளைத்தான் கண்டார்கள்.

ஒன்பது சுவைகளின் பெயரில் ஒருவர் தொகுப்புப் போட்டால் அதில் கோபமும் இருக்கும், அச்சமும் இருக்கும். மெய்ப்பாடு எட்டு என்று சொன்ன தொல்காப்பியர் அதில் வெகுளியையும் சேர்த்துத்தான் வைத்தார். நல்லவேளை அவருக்குச் சிங்கள மொழிபெயர்ப்பு தயாராகவில்லை.

சிரிப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், ஜஸீம் உள்ளே இருந்தது 19 மாதங்கள். ஒடுங்கிய அறையில் கைவிலங்குடன் வைக்கப்பட்டதையும் எலி கடித்ததையும் அவரது தரப்பு முறையிட்டது. தன்னிச்சையான தடுத்துவைப்புகளுக்கான ஐ.நா. செயற்குழு அந்தத் தடுப்புக்காவல் தன்னிச்சையானது என்றது. 2021 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் பிணை வழங்கியது. 2023 டிசம்பரில் அதே நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்றரை ஆண்டுகள். அந்த நாட்களுக்கு யாரும் இழப்பீடு பேசவில்லை, அந்த மொழிபெயர்ப்புக்கு யாரும் பொறுப்புக் கூறவும் இல்லை. சட்டமும் அப்படியே இருந்தது. 2025 மார்ச்சில் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவரை 90 நாள் தடுப்புக் கட்டளையில் வைக்கும் அளவுக்கு அது உயிரோடு இருந்தது.

ஜஸீமின் வழக்கில் தமிழ் வாசகர்களாகிய நாம் எங்கே நின்றோம் என்பதையும் கேட்க வேண்டும். எழுத்தாளர்கள், மனித உரிமை அமைப்புகள் சிலர் பேசினார்கள், கையெழுத்து வைத்தார்கள். பொதுவெளியில் அது ஒரு ‘முஸ்லிம் பிரச்சினை’யாகவே கடந்து போனது. தமிழில் எழுதிய ஒரு புத்தகம், தமிழ் தெரியாதவர்களின் தீர்ப்பில் சிறைக்குப் போனது என்பது நமக்கு ஒரு மொழிப் பிரச்சினையாகக்கூடத் தோன்றவில்லை. முசலி என்றாலும் புத்தளம் என்றாலும் 1990 ஒக்டோபர் நினைவுக்கு வர வேண்டும். விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் போய் ஒதுங்கிய இடம் புத்தளம். அந்த வெளியேற்றத்தைப் பற்றி நாம் இன்னும் முழுதாகப் பேசி முடிக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சட்டம் பக்கத்து வீட்டுக்காரனைப் பிடித்தபோது நமக்கு வலிக்கவில்லை.

குவான்தனாமோ நூலில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகளில் இதைச் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். கடலைப் பார்த்துப் பேசுவதுபோல் அமைந்த, அந்தத் தொகுப்பில் மிகவும் அறியப்பட்ட ஒரு கவிதையை எழுதியவர் சவூதியைச் சேர்ந்த இப்ராஹிம் அல்-ருபைஷ். 2006 இல் சவூதிக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் யெமனுக்குத் தப்பிச் சென்று அரேபியத் தீபகற்ப அல்கைதாவின் மதத் தலைவர்களில் ஒருவரானார். 2015 இல் அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் கொல்லப்பட்டார். இடையில், 2013 இல், கேரளத்தின் கோழிக்கோடு பல்கலைக்கழகம் அந்தக் கவிதையைப் பாடநூலில் சேர்த்திருந்தது. எழுதியவர் யார் என்று தெரிந்ததும் எடுத்துவிட்டது. கோப்பையில் கவிதை கீறிய முஸ்லிம் தோஸ்தும் 2014 இல் ஐ.எஸ். அமைப்புக்கு விசுவாசம் தெரிவித்தார், பிறகு விலகினார்.

அப்படியானால் பென்டகனின் சந்தேகம் சரியா? கவிதையில் சங்கேதம் இருந்ததாக எவரும் இதுவரை காட்டவில்லை. ருபைஷ் பின்னர் எடுத்த பாதையை நான் நியாயப்படுத்தவும் இல்லை. ஐந்தாண்டுகள் குற்றச்சாட்டின்றிக் கூண்டில் வைத்ததற்கும் அவர் பின்னர் ஆனதற்கும் தொடர்பு உண்டா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் குற்றம் சாட்டாமல், விசாரிக்காமல் ஒருவரை அடைத்து வைத்தது அநீதி என்றால், அவர் நல்லவராக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அநீதிதான். கவிதையை வாசிக்க எழுதியவரின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்கத் தொடங்கினால், தடுப்புக் கட்டளையில் கையெழுத்திடும் அதிகாரியின் தர்க்கத்துக்கு நாமும் வந்துவிடுகிறோம்.

இதை நான் அமெரிக்காவுக்காக எழுதவில்லை. தமிழ் அரசியல் கைதிகளைப் பற்றிப் பேசும்போது ‘அப்பாவிகள்’ என்ற சொல் நம் அறிக்கைகளில் எப்போதும் வந்து விழுகிறது. மேடையில் அது வசதியான சொல். ஆனால் 2015 இலும் 2018 இலும் சிறைகளில் உண்ணாவிரதம் இருந்தவர்களில் எல்லாரும் தாங்கள் எந்த இயக்கத்தோடும் சம்பந்தப்படவில்லை என்று சொன்னவர்கள் அல்லர். வழக்கை நடத்துங்கள், அல்லது விடுங்கள் என்றுதான் கேட்டார்கள். 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் அநுராதபுரம் சிறைக்கு நடந்து போனதும் அதற்காகத்தான். வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு பத்து, பதினைந்து வருடம் வழக்கை இழுத்தடிப்பது குற்றவாளிக்கும் செய்யக்கூடாத காரியம்.

அந்தச் சிறைகளிலிருந்தும் எழுத்து வந்திருக்கிறது. சிவ. ஆரூரன் சிறையிலிருந்தே நாவல்கள் எழுதினார். விவேகானந்தனூர் சதீஸ் உள்ளிருந்து எழுதினார். அவர்கள் தவிர, பத்திரிகைகளின் வாசகர் பக்கத்தில் ‘மகசின் சிறைச்சாலை’ என்ற முகவரியோடு கவிதைகள் வருவதை நம்மில் பலர் கண்டிருப்போம். சிறை எழுத்து தமிழுக்குப் புதிதும் அல்ல. சோழனிடம் தோற்றுக் குடவாயிற்கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, கேட்ட தண்ணீர் காலம் தாழ்ந்து வந்ததற்காக அதைக் குடிக்காமல் ஒரு பாட்டைச் சொல்லிவிட்டு இறந்தான் என்று புறநானூற்றின் 74 ஆம் பாட்டுக்கான பழைய குறிப்பு சொல்கிறது. 1983 இல் நீதிமன்றத்தில் தங்கத்துரை ஆற்றிய உரையை, அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் ஒரு தமிழ்ப் பிரதியாக நினைவு வைத்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலை 25 ஆம் திகதியும் 27 ஆம் திகதியும் வெலிக்கடையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டபோது அவரும் ஒருவர். மற்றவர்கள் கையில் ஏதாவது எழுதி வைத்திருந்தார்களா என்பது அவர்களோடே போய்விட்டது.

நாம் இந்த எழுத்தை வாசிக்கும் விதத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வெளியீட்டு விழா நடக்கும். அரசியல்வாதி வருவார், முதல் பிரதியை வாங்குவார், கண்கலங்குவார். கவிதை நன்றாக இருக்கிறதா, எந்த வரி தேவையில்லை, எது புதிது என்று யாரும் பேசுவதில்லை. கைதியின் கவிதையை விமர்சிப்பது கொடுமை என்று நினைக்கிறோம். ஆனால் குவான்தனாமோ நூல் வந்தபோது அமெரிக்க விமர்சகர்கள் சிலர் இவை கவிதையாகத் தேறுமா என்றே கேட்டார்கள். கேள்வி கடுமையானது, அந்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு கேட்டது அநியாயமும்கூட. இருந்தாலும் எழுதியவர்களைக் கவிஞர்களாக எடுத்துக்கொண்டதால்தான் அப்படிக் கேட்க முடிந்தது. நாம் நம் கைதிகளின் எழுத்தைச் சாட்சியமாக மட்டும் பார்க்கிறோம். சாட்சியமாகக்கூட ஒழுங்காகச் சேர்த்து வைக்கவில்லை.

2017 இல் நியூயோர்க்கில் ஜோன் ஜே கல்லூரியில் குவான்தனாமோ கைதிகளின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். பெரும்பாலானவற்றில் கடல் இருந்தது. முகாம் கடலோரத்தில் இருந்தாலும் கைதிகள் அதைப் பார்க்காதபடி வேலியில் பச்சைத் தரப்பாளைக் கட்டியிருந்தார்கள். 2014 இல் புயல் வருகிறது என்று சில நாட்கள் அவிழ்த்தபோதுதான் பலர் கடலைக் கண்டார்கள் என்று, அங்கே இருந்த யெமன் நாட்டவரான மன்சூர் அடாய்ஃபி பின்னர் எழுதினார். கண்காட்சி பேசப்பட்டதும், கைதிகள் வரைந்தவை அமெரிக்க அரசாங்கத்தின் சொத்து என்று பென்டகன் அறிவித்து, ஓவியங்கள் வெளியே போவதை நிறுத்தியது. 2023 இல்தான், விடுதலையாகிறவர்கள் ஓரளவு எடுத்துச் செல்லலாம் என்று தளர்த்தியது.

அங்கே அரசு பறித்து வைத்திருக்கிறது. இங்கே பல கொப்பிகள் வீடுகளிலேயே கிடக்கின்றன. விடுதலையாகி வந்தவர்கள் கொண்டுவந்த பையில், தாய்மார் அலுமாரியில் சீலைக்கு அடியில், தணிக்கை முத்திரை விழுந்த கடித உறைகளுக்குள். கறையானும் மாரிமழையும் பொலிஸ் சோதனைக்குப் பயந்து எரிப்பதும் இதுவரை எவ்வளவைக் கொண்டுபோயின என்று கணக்கில்லை. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன. அச்சில் வராத சிறைக் கொப்பிகளும் அங்கே போகலாம், எழுதியவர் விரும்பினால், பெயரோடோ பெயரில்லாமலோ. பாதுகாப்புக் காரணத்தால் இப்போது வெளியிட வேண்டாம் என்றால் படம் பிடித்து மூடி வைக்கலாம். முன் பக்கத்தில் எழுதிய சிறையின் பெயரையும் ஆண்டையும் குறித்துவிட்டால், நாற்பது வருடம் கழித்து வாசிப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.